செல்ஃப் எடுக்கவில்லை!

(மூன்றாம் ஆண்டு கணிப்பொறிப் பிரிவு மாணவி எழுதுவது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தார். "கவிதை போதும்ப்பா. காதல் தோல்வியே பதினோரு பேர் குடுத்திருக்காங்க. படிக்கிற பாடத்தைப் பத்தி யாராவது எழுதக் கூடாதா?" என்று கேட்டார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. காரணம் உண்டு. போன சீசன் முழுக்க நான் ஒரே ஒரு புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுதது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். இதில் அருவி வருகிறது, ஆட்டோ வருகிறது, என் அப்பா என்னைத் திட்டாமல் இருந்த ஒரு ராத்திரியும் வருகிறது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். "ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கின் தன்மைகளை விளக்குக" என்ற கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியவள். என்காப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்று நான்குக்கும் பெட்டி போட்டு, அம்புக்குறி வரைந்து, அடிக்கோடிட்டு எழுதினேன். அதில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை! பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். புரியாததை மனப்பாடம் செய்வதில் நமக்கு ஈடு யார்?

எங்கள் ஊர் குற்றாலத்துக்குப் பக்கம் இலஞ்சி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா ஐந்தாவது, அம்மா எட்டாவது. அதற்கு மேல் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாரும் போனதில்லை. "புதுமைப் பெண்" திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது ரெக்கார்டு நோட்டுக்கும் போன் ரீசார்ஜுக்கும் சரியாக இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேப் மூடிய பிறகு போனில் பைட்ராய்டு என்ற ஆப்பில் புரோகிராம் அடிப்பேன். கட்டை விரலால் அடித்துப் பாருங்கள், இடைவெளி சரியாக விடவில்லை என்றால் பைதான் கோபித்துக்கொள்ளும்.

பைதான் என்றதும் மலைப்பாம்பு என்றுதான் நானும் நினைத்தேன். அது பாம்பின் பெயரே அல்லவாம்! மான்டி பைதான் என்ற ஆங்கில நகைச்சுவைத் தொடரின் பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போக்க எழுத ஆரம்பித்து, 1991-ல் வெளியிட்டார். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற எண்ணம் அதற்கும் மூத்தது. நார்வே நாட்டில் டால், நைகார்ட் என்ற இருவர் 1967-ல் சிமுலா 67 என்ற மொழியில் கொண்டுவந்தது. நிஜ உலகத்தில் நடப்பதைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பரீட்சைக்கு இதெல்லாம் வராது. ஆனால் எனக்கு இது ஒன்றுதான் முதலில் பிடித்தது. நிஜத்தில் இருப்பதைத்தானே உள்ளே வைக்கச் சொல்கிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று தோன்றியது.

புத்தகத்தில் கிளாஸுக்கு உதாரணம் கார். கார் என்பது கிளாஸ், உங்கள் வீட்டு மாருதி ஆப்ஜெக்ட். எங்கள் வீட்டில் மாருதி இல்லை. வகுப்பில் வீட்டு பிளானை உதாரணம் சொன்னார்கள். எங்கள் வீடு பிளான் போட்டுக் கட்டியதல்ல, காசு வந்தபோது ஒவ்வொரு சுவராக எழும்பியது. கடைசியில் எனக்குப் பிடிபட்டது அம்மாவின் கையில் இருந்த தகட்டைப் பார்த்துத்தான். பீடி இலை மேல் அந்த அளவுத் தகட்டை வைத்து, அதன் அளவுக்கு இலையைக் கத்தரிப்பாள். தகடு ஒன்று, இலை ஆயிரம். ஓர் இலை கிழிந்தால் மற்ற இலைக்கு ஒன்றும் ஆகாது. தகடே கோணல் என்றால் ஆயிரமும் கோணல். தகடு கிளாஸ், இலை ஆப்ஜெக்ட்! "என்னட்டி, தகட்டையே வெறிச்சுப் பாக்க?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். "இதுக்கா காலேஜுக்குப் போற?" என்றாள்.

அடுத்த வில்லன் செல்ஃப். பைதானில் ஒரு கிளாஸுக்குள் செயல் எழுதினால், அடைப்புக்குறிக்குள் முதலில் "செல்ஃப்" என்று எழுத வேண்டும். எந்த ஆப்ஜெக்டைக் கூப்பிடுகிறோமோ அது அந்த இடத்தில் வந்து உட்காரும். பேரருவியைக் கூப்பிட்டால் செல்ஃப் பேரருவி, ஐந்தருவியைக் கூப்பிட்டால் செல்ஃப் ஐந்தருவி. நான் அதை எழுதாமல் விட்டேன். வந்தது பிழைச் செய்தி: "இந்தச் செயல் எடுப்பது 0, ஆனால் 1 கொடுக்கப்பட்டது." நான் ஒன்றுமே கொடுக்கவில்லையே! வெறும் அடைப்புக்குறிதானே போட்டேன்? அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், அந்த 1 என்பது நான் கூப்பிட்ட ஆப்ஜெக்டே என்று தெரிந்தது. பைதான் அதைச் சத்தமில்லாமல் தானாகக் கொடுக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது "செல்ஃப் மறந்து போச்சுப்பா, அதான் ஓடல" என்றேன். அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்து, "செல்ஃப் எடுக்கலன்னா பேட்டரியப் பாரு. இல்லன்னா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யாருக்குப் பிழை வந்தாலும் "என்னல, செல்ஃப் எடுக்கலையா?" என்பதுதான் கேள்வி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் அப்பாவின் போன் விடியற்காலையிலேயே அடிக்கும். ராஜபாளையம், சிவகாசி, மதுரை என்று வருஷா வருஷம் வரும் வாடிக்கைக் குடும்பங்கள். கேட்பது ஒரே கேள்வி. "அண்ணாச்சி, தண்ணி விழுதா? குளிக்க விடுதாங்களா?" நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அருவிக்கு அருவி நிலைமை வேறு. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் அங்கே தடை. அதே நேரம் புலியருவியில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். மலைக்கு மேல் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாறும். அப்பா ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போய் ஒருநாள் கேட்டார்: "ஏட்டி, இத போன்ல பாத்துக்கிடுத மாதிரி நீ ஒண்ணு செஞ்சா என்ன? அதுக்குத்தான படிக்க?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்பை எங்கள் வீட்டில் ஒருவர் கேட்டு வாங்குகிறார்! விடுவேனா?

பிளாஸ்க் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பைதானில் வெப் பக்கம் செய்ய உதவும் சின்னக் கட்டமைப்பு. ஆஸ்திரியாக்காரர் ஆர்மின் ரோனாகர் 2010-ல் ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காக விளையாட்டாகச் செய்த ஒன்று, பிறகு பிளாஸ்க் ஆக வளர்ந்தது. யாராவது போனில் நம் முகவரியைத் திறந்தால் அந்தக் கேள்வி சர்வருக்கு வரும். இந்த முகவரிக்கு இந்தச் செயல் பதில் சொல்லட்டும் என்று நாம் எழுதி வைத்தால் போதும், அது ஒரு பக்கத்தைத் தயாரித்துத் திருப்பி அனுப்பும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று 5 பெட்டி. அனுமதி என்றால் பச்சை, தடை என்றால் சிவப்பு. அப்பாவுக்கு மட்டும் ஒரு ரகசிய எண் போட்ட தனிப் பக்கம், பட்டனைத் தொட்டால் நிலை மாறும். கீழே, "இது அரசு அறிவிப்பு அல்ல, ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டறிந்த தகவல்" என்று ஒரு வரி. இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றினேன். ஓடியது! அப்பா ஸ்டாண்டில் ஒவ்வொருவரிடமும் போனை நீட்டி "எம் பொண்ணு செஞ்சது" என்று காட்டினார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? ஒரே கோப்பு, 600 வரி. பேரருவிக்கு ஒரு நிலை, ஒரு நேரம், "தடை என்றால் சிவப்பு, இல்லை என்றால் பச்சை" என்று ஒரு பத்தி. அதை அப்படியே நான்கு முறை நகல் எடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றினேன். கிளாஸ் பற்றி 10 மார்க்குக்கு எழுதியவள், தன் சொந்த வேலையில் ஒரு கிளாஸ்கூட வைக்கவில்லை. வேகமாக முடிந்தால் சரி!

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை, ராஜபாளையம் பக்கத்துக் குடும்பம் ஒன்று போன் செய்தது. அப்பா பக்கத்தைத் திறந்து பார்த்து, "ஐந்தருவில விடுதாங்க, வாங்க" என்றார். அவர்கள் ரயிலேறி வந்தார்கள். பெரியவர்கள் நான்கு, பிள்ளைகள் மூன்று, முழங்கால் வலியோடு ஓர் ஆச்சி. எல்லோரையும் இரண்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், ஐந்தருவியில் தடுப்பு போட்டிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே தடை. அதை அப்பாவே தன் கையால் பட்டனைத் தொட்டுப் பதிந்திருந்தார். ராத்திரி பகல் சவாரியில் அவருக்கு அது ஞாபகமில்லை, பக்கம் பச்சை காட்டியது, நம்பிவிட்டார். பிறகு பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே திருவிழாக் கூட்டம். ஆச்சியால் படியேற முடியவில்லை. மற்றவர்கள் குளித்துவிட்டு வரும்வரை ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாராம். "எனக்கென்னய்யா, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்று அப்பாவுக்கே ஆறுதல் சொன்னாராம். அப்பா அன்று வாடகை 800 ரூபாயையும் வாங்கவில்லை. இரண்டாவது ஆட்டோக்காரருக்குக் கைக்காசு கொடுத்தார்.

ராத்திரி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். "கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னுதான் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்!

அன்று ராத்திரி போன் வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்தேன். ஐந்தருவிப் பத்தியில் ஓர் இடத்தில் மட்டும் பெயரை மாற்ற மறந்திருக்கிறேன். ஐந்தருவியின் பெட்டி, பழைய குற்றாலத்தின் நிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக இரண்டிலும் ஒரே நிலைமை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒன்று தடை, ஒன்று அனுமதி என்று ஆன முதல் நாளே மாட்டிக்கொண்டது. அதுவும் அந்த ஆச்சி வந்த நாளில்...

படுத்தால் தூக்கம் வரவில்லை. வேறொன்று மனதில் ஓடியது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, பதினேழு வயது மாணவர் ஒருவர் இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவருக்கு ஏறக்குறைய என் வயது. என் பக்கம் தடையைப் பச்சையாகக் காட்டியிருக்கிறது. அங்கே தடுப்பும் காவலரும் இருந்ததால் ஏமாற்றத்தோடு போனது. எந்த நேரமும் அப்படியே இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

திங்கட்கிழமை லேபில் சாரிடம் காட்டினேன். அவர் பிழையைத் திருத்தவில்லை. "இந்த விதிய எத்தன இடத்துல எழுதியிருக்க?" என்று கேட்டார். "அஞ்சு இடத்துல சார்." "அருவிக்கு வெளிய உக்காந்துக்கிட்டு நீயே ஏன்மா எல்லாத்தையும் முடிவு பண்ற? அருவிகிட்ட கேளேன்!" சொல்லிவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது, மேலகரம் தாண்டும் நேரத்தில், திடீரென்று விளங்கியது.

"அருவி" என்று ஒரே ஒரு கிளாஸ். (பைதான் மூன்றாம் பதிப்பு 2008-ல் வந்ததிலிருந்து பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். நான் அப்படியே வைத்தேன்.) ஒவ்வோர் அருவியும் தன் பெயர், தன் நிலை, அது கடைசியாக எப்போது சொல்லப்பட்டது என்ற மூன்றையும் தானே வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் அந்த நிலையை நேராகத் தொடக் கூடாது. "நிலையை மாற்று" என்று அதனிடம் சொல்லலாம், "இப்போது என்ன?" என்று அதனிடம் கேட்கலாம். பதில் சொல்வது அதன் பொறுப்பு. இந்தப் பொறுப்பு இருக்கிறதே, இதுதான் நான் பெட்டி போட்டு எழுதிய என்காப்சுலேஷன்! பைதான் இதற்குப் பூட்டு எதுவும் போடுவதில்லை. பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு போட்டால் "இது உள் விஷயம்" என்று அர்த்தம். வாசலில் போட்ட கோலம் மாதிரி. மிதிக்க முடியாது என்றில்லை, மிதிக்க மாட்டோம்.

பொறுப்பை அருவியிடம் கொடுத்த பிறகுதான் என்னால் யோசிக்கவே முடிந்தது. அனுமதி என்று ராத்திரி சொன்னது விடியற்காலையில் எப்படிச் செல்லும்? ஆகவே அனுமதிக்கு ஆயுள் ஒரு மணி நேரம் என்று வைத்தேன். அதற்குள் யாரும் புதுப்பிக்கவில்லை என்றால் அருவியே "தெரியவில்லை, நேரில் கேட்கவும்" என்று சொல்லிவிடும். தடைக்கு ஆயுள் கிடையாது. ஒருவர் வந்து நீக்கும்வரை தடை தடைதான். இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று என் தோழி வாதாடினாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தவறாகத் தடை காட்டினால் ஒரு குளியல் போகும், அவ்வளவுதான். பழைய 600 வரியில் இந்த விதியைச் சேர்க்க வேண்டுமானால் 5 இடத்தில் எழுதி, எத்தனையில் பெயர் மாற்ற மறந்திருப்பேனோ! இப்போது ஓர் இடம், எட்டு வரி.

அப்பாவுக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. "என்னட்டி, எப்பப் பாத்தாலும் தெரியலன்னே சொல்லுது?" என்றார். "நீங்க பட்டனத் தொட்டா சொல்லும்ப்பா" என்றேன். இப்போது முதல் சவாரிக்கு முன்னால் நாலு இடமும் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தொடுகிறார்.

இதோடு முடிந்ததா? இல்லை. ஒவ்வோர் அருவிக்கும் சின்னக் குறிப்பு எழுத ஒரு பட்டியல் வைத்தேன். பேரருவிக்கு "வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது" என்று சேர்த்தால் ஐந்து அருவியும் வளைவைத் தாண்டிக் கொட்டின! புலியருவிக்கு ஏது வளைவு? நல்லவேளை, அது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் காலிப் பட்டியலை ஒவ்வோர் ஆப்ஜெக்டும் பிறக்கும்போது செல்ஃபில் வைக்காமல், கிளாஸின் தலைப்புக்குக் கீழே நேராக எழுதியிருக்கிறேன். அதனால் ஐந்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல். இலையில் எழுத வேண்டியதைத் தகட்டில் எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் எக்ஸாமுக்குப் போகும் ஜூனியர்கள் இந்த ஒன்றையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

இன்ஹெரிட்டன்ஸும் செய்து பார்க்கும் ஆசையில் "நீர்நிலை" என்று ஒரு தாய் கிளாஸ், அதற்கு மகளாக "அருவி", அதற்கு மகளாக "பெரிய அருவி", "சின்ன அருவி" என்று வம்சாவளியே எழுதினேன். சார் பார்த்துவிட்டு, "நீர்நிலைக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டார். பதில் இல்லை. அழித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக எனக்கு வருவதற்கு ஆட்டோக் கடன் ஒன்றுதான் இருக்கிறது. இன்ஹெரிட்டன்ஸ் அவசரமில்லை.

ஆனால் மாட்யூல் பிரித்தது வீண் போகவில்லை. முதலில் நிலைமை எல்லாம் புரோகிராமின் நினைவில் மட்டும் இருந்தது. சர்வர் மறுபடி தொடங்கிய ஒரு காலையில் எல்லாம் துடைத்தாற்போல் போய்விட்டது. ஆகவே மூன்று கோப்பு ஆக்கினேன். "அருவி" கோப்புக்கு வெப் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. "சேமிப்பு" கோப்பு, அருவி சொல்வதை எஸ்கியூலைட்டில் எழுதி வைக்கும், கேட்டால் எடுத்துத் தரும். "பக்கம்" கோப்புக்கு பிளாஸ்க் தெரியும், ஆனால் அனுமதிக்கு எத்தனை மணி நேரம் ஆயுள் என்று தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் இலை வெட்டுவது ஒருவர், சுற்றுவது ஒருவர், கட்டுவது ஒருவர். கட்டுகிற என் தங்கைக்குச் சுற்றத் தெரியாது, வேலை நிற்கிறதா?

இதன் பலன் ஒரு மாதத்தில் தெரிந்தது. ஸ்டாண்டில் பாதிப்பேரிடம் பட்டன் போன்தான். டீக்கடைப் பக்கம் ஒரு கரும்பலகை வைத்து எழுதிப் போடலாம் என்று முடிவானது. அதற்குச் சுருக்கமாக 5 வரி வேண்டும். அருவியையும் சேமிப்பையும் தொடவே இல்லை. "பலகை" என்று நான்காவதாக ஒரு கோப்பு, 12 வரி. அரை மணி நேரத்தில் முடிந்தது. நானே நம்பவில்லை!

முடிந்தது என்றா சொன்னேன்? பலகையில் அருவிப் பெயருக்குப் பதில் முதல் எழுத்து மட்டும் போதும் என்றார்கள். பெயரின் முதல் எழுத்தை எடு என்று எழுதினேன். பேரருவிக்கு "ப" வந்தது. பழைய குற்றாலத்துக்கும் "ப". சிற்றருவிக்கு "ச". "பே"யும் "சி"யும் எங்கே போயின? கணிப்பொறியில் யூனிகோடு முறையில் "பே" என்பது "ப" ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என்று இரண்டாக இருக்கிறது. "தென்காசி" நமக்கு 4 எழுத்து, பைதானுக்கு 8. "குற்றாலம்" நமக்கு 5, பைதானுக்கு 9. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது இதற்குத் தெரியவில்லை! நானே எழுதிச் சரிசெய்யப் பார்த்தேன், புள்ளி வைத்த எழுத்தில் மாட்டிக்கொண்டேன். பிறகுதான் ஓப்பன் தமிழ் என்ற மாட்யூல் கிடைத்தது. எழில் என்று தமிழிலேயே புரோகிராம் எழுத ஒரு மொழி செய்து, 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதிய முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் சேர்ந்து செய்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. இறக்குமதி செய்ய ஒரு வரி, எழுத்துகளைப் பிரித்துக் கேட்க ஒரு வரி. "பே" வந்தது. உள்ளே எப்படிப் பிரிக்கிறார்கள் என்று எனக்கு அன்று தெரியாது. நான் முகம் பார்த்திராதவர்கள் எழுதியது எங்கள் டீக்கடைப் பலகைக்கு உதவுகிறது.

இதைப் படிக்கும் பலருக்கும் மத்தளம்பாறை ஞாபகம் வந்திருக்கும். 2011-ல் சோஹோ நிறுவனம் நம் தென்காசிப் பக்கம் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் இங்கேயே குடிவந்தார். வாடிக்கையாளர் குறை கேட்கும் சோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கே உருவானது. அவர்களுக்கென்றே ஒரு ஸ்கிரிப்டிங் மொழி உண்டு, பெயர் டெல்யூஜ். அர்த்தம் என்ன தெரியுமா? பெருவெள்ளம்! குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நல்ல பெயர்தான். கம்ப்யூட்டர் படித்தால் சென்னை, பெங்களூருதான் என்று சொன்ன சித்தப்பா இப்போது மத்தளம்பாறையைக் கை காட்டுகிறார். நாம் அத்தனை பேருக்கும் அங்கே நாற்காலி இருக்காது, எனக்குக் கிடைக்குமா என்றும் தெரியாது. இன்டர்வியூவுக்குப் போனால் 10 மார்க் பதிலை ஒப்பிக்க மாட்டேன், என் நான்கு கோப்புகளைத் திறந்து காட்டுவேன் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.

அந்த ராஜபாளையத்துக் குடும்பம் இந்த வருஷமும் போன் செய்தது. அப்பா பக்கத்தைப் பார்த்தார். ஐந்தருவி "தெரியவில்லை" என்றது. "பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்த்துவிட்டு, அங்கிருந்தே பட்டனைத் தொட்டு, பிறகுதான் வரச் சொன்னார். ஆச்சி வந்திருந்தார். நனைந்த தலையோடு எங்கள் வீட்டுக்கும் வந்து, அம்மா கையால் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இப்போது புதுச் சிக்கல் ஒன்று. அப்பாவோடு சேர்த்து ஸ்டாண்டில் இன்னும் மூன்று பேருக்கு ரகசிய எண் கொடுத்திருக்கிறேன். போன வாரம் பேரருவிக்கு ஒருவர் தடை என்று தொட்டிருக்கிறார். அரை நிமிஷம் கழித்து, அது தெரியாமல், இன்னொருவர் தான் காலையில் பார்த்ததை வைத்து அனுமதி என்று தொட்டுவிட்டார். பின்னால் தொட்டவர் ஜெயித்தார். தடைதான் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்று எழுதினால், தடையை நீக்குவது யார், எப்படி? இருவர் சொன்னால்தான் நீங்கும் என்று வைக்கலாமா? அதை அருவியே பார்த்துக்கொள்ள வேண்டுமா, சேமிப்பா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் வாருங்கள். இரண்டாவது லேப், ஜன்னலோரம் மூன்றாவது சிஸ்டம், மதியச் சாப்பாட்டு நேரம். கீபோர்டில் "எஸ்" எழுத்து மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும்.